மகள் படிப்பில் ஒரு மோட்டார்

"இந்த வருஷம் வருமானவரிக் கணக்க நான் பாத்துக்கறேன்" என்று வெண்டல் அறிவித்தபோது லோர்னா அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. அதிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து கணக்கு அவள் வேலை, கையெழுத்து அவன் வேலை. அவள் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் போடுவான். விரலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறையும் பார்த்ததில்லை.

"என்ன திடீர்னு?"

"உனக்கு எவ்வளவு வேலை, பாவம்!"

"அது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான்."

"சரி. கம்ப்யூட்டர்ல போன வருஷத்துது இருக்கு. அதுலேர்ந்து ஆரம்பி."

வெண்டலின் திடீர் இரக்கம் ஏரியிலிருந்து வந்தது. உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் துளைக்காரன் ஒரு சேதி சொன்னான். பிள்ளை கல்லூரியில் படித்தால், கட்டிய கட்டணத்துக்காக வரியில் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் வரை கழிவு உண்டாம். பிள்ளை நம்மைச் சார்ந்தவள் என்று காட்டினால் போதுமாம். வெண்டலின் மகள் பிரிட்டா டுலூத் நகரக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அழுக்குத் துணியைக்கூட வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறாள். இதைவிட ஒருத்தி எப்படிச் சார்ந்திருக்க முடியும்?

அந்தப் பணத்துக்கு அவன் மனதில் ஏற்கெனவே ஓர் உருவம் இருந்தது. கறுப்பு நிறம், வெள்ளிக் கோடு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தலை சாய்த்து நிற்கும் புதுப் படகு மோட்டார். பழையது, ஏரியின் நடுவே போய் இருமத் தொடங்கும் ரகம். மே மாதம் மீன்பிடிப் பருவம் திறக்கும் சனிக்கிழமைக்குள் புதியது படகில் ஏறிவிட வேண்டும். அவர்கள் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் அந்தச் சனிக்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சாகக்கூட யோசிப்பார்கள்.

லோர்னாவின் அக்கா மார்லிஸ் தன் கல்யாணத்தை அன்றைக்கே வைத்திருந்தாள். அவள் இருப்பது அரிசோனாவில். பாலைவனத்துக்கு ஏரியின் நாள்கிழமை எப்படித் தெரியும்?

"மார்லிஸ் கல்யாணத்துக்கு நாம ரெண்டு பேரும் போகணும், வெண்டல்."

"உங்கக்காவுக்கு இது மூணாவது. அடுத்ததுக்குப் போலாம்."

"வெண்டல்!"

"காசு எங்க இருக்கு, லோர்னா? விமான டிக்கெட் என்ன விலை விக்குது!"

"எத்தனை தடவதான் நான் மட்டும் தனியாப் போறது? காசு இருந்தா வருவியா?"

"இருந்தா கண்டிப்பா வருவேன்."

இல்லாத காசுக்கு வாக்குக் கொடுப்பதைப் போலச் சுகமான காரியம் உலகத்தில் கிடையாது.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி சலிக்காமல் பெய்துகொண்டிருக்க, அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அது, 'போன வருஷம் மாதிரியேவா?' என்று மரியாதையாகக் கேட்டது. அவனும் மரியாதையாக 'ஆம்' என்று தட்டிக்கொண்டே போனான். இதற்கா இவ்வளவு வருஷம் லோர்னா நெற்றியைச் சுருக்கினாள்?

அனுப்பினான். திரும்பி வந்துவிட்டது. பிரிட்டாவை வேறு யாரோ ஏற்கெனவே கணக்கில் காட்டிவிட்டார்களாம்.

மகளுக்குப் போன் போட்டான்.

"பிரிட்டா, உன்ன யாரோ திருடிட்டாங்க!"

"என்னப்பா உளர்றே?"

"வரிக் கணக்குல உன்ன எவனோ காட்டியிருக்கான்."

"எவனும் இல்ல, நான்தான். நான் வேலை பாக்கற பீட்சாக் கடையில சம்பளத்துல பிடிச்ச வரியத் திருப்பி வாங்கணும்ல? எப்பவும் அம்மா எனக்கும் சேத்துப் பண்ணுவா. இந்த வருஷம் நீ பண்றேன்னு கேள்விப்பட்டேன். பயந்துபோய் நானே பண்ணிட்டேன். வேற யாராவது உன்னத் தங்களச் சார்ந்தவளாக் காட்ட முடியுமான்னு கம்ப்யூட்டர் கேட்டுது. முடியாதுன்னு போட்டேன்."

"ஏன்மா அப்படிப் போட்டே?"

"எனக்கு இருபது வயசாச்சு. நான் யாரையும் சார்ந்தவ இல்ல."

"காலேஜ் கட்டணம்?"

"அது நீ கட்றே."

"கார் இன்சூரன்ஸ்?"

"நீ."

"இப்பப் பேசறியே, இந்த போன்?"

"அப்பா, அது குடும்பத் திட்டம்!"

"திருத்திப் போடு, கண்ணு."

"போடறேன். தப்புதானே."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே."

"ஓ. அப்படின்னா எனக்குப் பனிக்கால டயர் வேணும். நாலும்."

"நீ யாரையும் சார்ந்தவ இல்லேன்னியே?"

"டயருக்கு மட்டும்தாம்ப்பா."

பிரிட்டாவின் திருத்தம் ஏறும்வரை கம்ப்யூட்டர் வழியாக ஏற்கமாட்டார்களாம். தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்புவது என்று முடிவாயிற்று. கணவன் மனைவி சேர்ந்து காட்டும் கணக்கு, ஆகவே லோர்னாவும் கையெழுத்துப் போட வேண்டும். சமையலறை மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் உண்டு. பிரிட்டா போனதிலிருந்து மூன்றாவதில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. லோர்னா மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை.

"எங்க போடணும்?"

அவன் விரல் வைத்துக் காட்டினான். அவள் போட்டாள். தூரத்தில் ஏரியின் பனிக்கட்டி ஒருமுறை முனகி அடங்கியது. பாவம், நம்பிவிட்டாள் என்று அவனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. காபி ஆறுவதற்குள் உறுத்தலும் ஆறிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் ஏரி உருகித் திறந்தது. வெண்டல் தவணையில் மோட்டாரை வாங்கிக் கொட்டகையில் போர்வைக்கடியில் ஒளித்துவைத்தான். பணம் வந்ததும் அடைத்துவிடலாம். ஆனால் பணம் வரவில்லை. வரி இலாகாவின் இணையத்தில் பார்த்தால், உங்கள் வங்கிக் கணக்கில் போட்டாயிற்று என்றது. வங்கியில் பார்த்தால் ஒரு டாலர் கூடியிருக்கவில்லை. சந்தேகம் கேட்க ஆளில்லை. வீட்டில் விவரம் தெரிந்தவள் ஒருத்திதான்.

பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"லோர்னா, பாங்க்ல ஏதாவது வந்துதா?"

"என்ன வரணும்?"

"சும்மா கேட்டேன்."

"பிரிட்டா படிப்புக் கழிவா? அது என் கணக்குக்கு வந்துடுச்சே."

வெண்டல் ஸ்பூனைக் கீழே வைத்தான். "உன் கணக்கா?"

"போன வருஷமும் அங்கதான் வந்துது. அதுக்கு முந்தின வருஷமும். போன வருஷம் மாதிரியேவான்னு கேட்டிருக்குமே. நீ என்ன தட்டினே?"

'ஆம்' என்று தட்டிய விரலை அவன் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமும் நீதானே கையெழுத்துப் போட்டே? பிப்ரவரியானா அந்தக் காசு இல்லாம மார்லிஸ் வீட்டுக்கு நான் நடந்தா போனேன்?"

சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு விமான டிக்கெட்டுகளை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மே மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை.

"காசு இருந்தா கண்டிப்பா வருவேன்னு சொன்னே."

"லோர்னா, மறுநாள் மீன்பிடி திறக்குதும்மா!"

"தெரியும். கொட்டாயில இருக்கறத நல்லாப் போத்திட்டு வா, தூசி படியும்." அவள் காபி ஊற்றினாள். ஒரு துளி சிந்தவில்லை. "ஜன்னல் சீட் உனக்குத்தான் எடுத்திருக்கேன். மேலேர்ந்து பாத்தா ஏரியெல்லாம் நல்லாத் தெரியும்."