உன் வண்டி இன்னும் விற்காத காரணம்

சித்திரக்குளம் மேற்கு வீதி,
மயிலாப்பூர், சென்னை-4.
18-11-1998

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு அப்பா பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. கேசவப் பெருமாள் கிருபையில் நானும் உன் அம்மா ஜானுவும் இங்கே சௌக்கியம். உன் வண்டி சௌக்கியமில்லை. உன் சௌக்கியத்தைப் பற்றி அடுத்த கடிதத்திலாவது நாலு வரி கூட எழுதவும். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் ஒரு பக்கம் வண்டியைப் பற்றியே எழுதினால் உன் அம்மா எதைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள்?

நீ புரட்டாசியில் எழுதிய கடிதம் கிடைத்தது. கிரீன் கார்டு வந்துவிட்டது, இனிமேல் இங்கே வந்து இருக்கிற உத்தேசம் இல்லை, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். சரி, பிள்ளை சொல்லிவிட்டான், செய்துவிட வேண்டியதுதான் என்று மறுநாளே நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். நான் சொன்னதைச் செய்யாதவன் இல்லை என்று உனக்கே தெரியும். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சைஃப் என்கிற தங்கமான பிள்ளை வந்தார். உறையை எடுத்துக் காட்டினேன். தினமும் துடைத்து வைக்கிற வண்டி, கண்ணாடி மாதிரி இருந்தது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம், ம்ஹூம். மூன்று வருஷம் ஓடாமல் நின்றதில் முன் பிரேக் இறுகிக் கிடந்தது. அதென்னடா அப்படி ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கினாய்? ஊரில் எல்லா வண்டிக்கும் இருக்கிற மாதிரி ஒரு பிரேக் இருக்கக்கூடாதா? சக்கரத்தில் ஒரு தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்பு. "பரவாயில்லைங்க சார், ரிப்பேர் பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு சைஃப் போனார்.

உடனே மந்தைவெளிக்குப் போய் உன் மெக்கானிக் கரீமுல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் அந்த இரும்பைக் கழற்றினார். அதற்குக் காலிப்பர் என்று பெயராம். உள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையம், பக்கத்தில் நகர்வதற்கு இரண்டு பின். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஜி.பி. ரோடு முழுக்க அலைந்து புது ரப்பர் கிட் வாங்கி வந்தவர், என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "சார், நல்லா கேட்டுக்கோ. பிஸ்டனுக்கும் ரப்பருக்கும் பிரேக் ஆயில்தான். பின்னுக்கு சிலிகான் கிரீஸு. தட்டைத் தேய்க்குது பாரு கட்டை, அதுல ஒண்ணியும் படக்கூடாது. சாதா கிரீஸு மட்டும் உள்ள காட்டவே காட்டாத. ரப்பர் உப்பிக்கும், பிரேக்கு புடிச்சா வுடாது" என்றார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த நான், நோட்டுப் புத்தகம் வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மாட்டுவதற்குள் வாணியம்பாடியில் ஏதோ கல்யாணம் என்று அவர் கிளம்பிவிட்டார். சைஃபைக் காக்கவைக்கக்கூடாதே என்று நானே மாட்ட உட்கார்ந்தேன்.

இங்கேதான் உன் அம்மா நுழைந்தாள். "விளக்கெண்ணெய் தடவுங்கோன்னா, எது இறுகிண்டாலும் அதுதான் கேக்கும்" என்றாள். கதவுக் கீலிலிருந்து கைக்குழந்தை வயிறு வரைக்கும் அவளுக்கு ஒரே மருந்து. "இது ஜப்பான்காரன் சமாசாரம், நீ பேசாம இரு" என்று அதட்டிவிட்டு, பரணில் இருக்கிற கிரீஸ் டப்பாவைக் கேட்டேன். அவள் தவறிப்போய் தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற மஞ்சள் டப்பா கிரீஸை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நானும் கண்ணாடி போடாமல் அதையே வழித்துத் தடவிவிட்டேன். பிறகு பிரேக்கில் காற்று எடுக்க வேண்டுமே, உன் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு லீவரை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாள், நான் கீழே உட்கார்ந்து திருகைத் திறந்து மூடினேன். நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். நாலாம் நாள் சைஃப் வந்தபோது வண்டி ஒரு அங்குலம் அசையவில்லை. ரப்பர் ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பியிருந்தது.

இரண்டாவது கிட் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. கரீமுல்லாவுக்கு ஜுரம். விடிந்தால் கங்கா ஸ்நானம். ஸ்நானம் ஆன பிறகு பார்த்தால், மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் உன் தலைக்கு வைக்கிற அளவுக்கு மிச்சம் இருந்தது. மூன்று வருஷமாகவே அந்தக் கிண்ணத்தில் அவ்வளவு மிச்சம் இருக்கிறது, உன் அம்மாவுக்கு அளவைக் குறைக்கத் தெரியவில்லை. வீணாகப் போகிறதே என்று அதைப் பிஸ்டனுக்குத் தடவினேன். மறு வாரம் மந்தைவெளியில் மிருதங்கம் வாசிக்கிற ஸ்ரீகிருஷ்ணா வண்டியை வாங்கிக்கொள்ள நல்ல நேரம் பார்த்து வந்து, எலுமிச்சம்பழம் கூட வாங்கி வந்து, வண்டியை நாலடி தள்ளினார். சரியாக கேட்டுக்கு நடுவில் போய் பிடித்துக்கொண்டது பார், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மாடி வீட்டுச் சிதம்பரநாதன் ஆபீசுக்குக் காரை எடுக்க முடியாமல் ஹாரன் அடிக்கிறார், மழை வேறு கொட்டுகிறது, முன் சக்கரத்தை நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்தோம். "மாமா, விரல்தான் எனக்குச் சோறு போடறது, இதுல மாட்டிண்டா என்ன ஆகும்?" என்று சொல்லி அந்தப் பிள்ளை எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது தடவை போன வாரம். இந்தத் தடவை வழவழவென்று, சுத்தமாக, வாசனை இல்லாமல் ஏதாவது போடலாமென்று உன் அலமாரியில் தேடினேன். நீ உதட்டுக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த வாஸலின் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தால் உன் விரல் வழித்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதைக் கலைக்காமல் ஓரத்திலிருந்து கொஞ்சமாக எடுத்துப் போட்டேன். அதுவும் ரப்பரை உப்பவைத்துவிட்டது. "இன்னா சார் நீ? எத்தினி தபா சொல்றது? மூணு கிட்டு காலி. கடைக்காரன் என்னைக் கண்டாலே சிரிக்கிறான்" என்று கரீமுல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகவே வண்டி விற்பது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். இதில் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நீயே ஒருதரம் வந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் நல்லது, ஆனால் உனக்கு லீவு இருக்காது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு (20-11-1998): கவரை ஒட்டப் போனபோது உன் அம்மா வாங்கிப் படித்தாள். "கெமிஸ்ட்ரி வாத்தியார் போய் ரப்பர்ல கிரீஸ் தடவுவாரான்னு அவன் கேக்க மாட்டானா?" என்றாள். கேட்பாய். ரப்பர் கிரீஸில் உப்பும் என்று எனக்குக் கரீமுல்லா சொல்லித்தரத் தேவையில்லை. வாணியம்பாடியில் கல்யாணமும் இல்லை. அன்றைக்கே அவர் தன் கையால் எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டிக் கொடுத்தார். சக்கரம் தொட்டால் சுற்றியது. சைஃப் வந்தால் இரண்டு நிமிஷத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், வாசல் காலியாகிவிடும். வாசலில் உன் வண்டி நிற்கிறவரைக்கும் நீ எங்கோ பக்கத்தில் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ள முடிகிறது. அதனால் மூன்று தடவையும் தெரிந்தேதான் பிரித்து, ஆகாததைத் தடவினேன். விளக்கெண்ணெயை வேண்டாமென்றதும் அதனால்தான், அது ரப்பரை ஒன்றும் செய்யாது. உன் அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. தானாகவே போய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். ஒன்றை மட்டும் நம்பு. வண்டி நகராதபடி செய்தேனே தவிர, ஓடுகிற வண்டி நிற்காமல் போகும்படி எதுவும் செய்யவில்லை. அந்தப் பிரேக் கட்டையில் ஒரு சொட்டு படவிடவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏறப்போகிற வண்டி.

நேற்று கரீமுல்லா நாலாவது கிட்டைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தார். "சார், விக்க மனசு இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. ரப்பரு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். அவர் முன்னால் அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். பிறகு மாட்டச் சொன்னேன். பிரேக் ஆயில், சிலிகான் கிரீஸ், எல்லாம் நோட்டில் எழுதியபடி. மஞ்சள் டப்பாவை அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். வாஸலின் பாட்டிலை மட்டும் உன் அம்மா தரமாட்டேன் என்றுவிட்டாள்.

சைஃப் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். தெருமுனையில் போன் பூத் இருக்கிறது, கூப்பிட்டு "வித்துடட்டுமாடா?" என்று இன்னொரு தரம் கேட்கலாம்தான். கேட்டால் நீ "வித்துடுங்கோப்பா" என்பாய். எழுத்தில் படித்துவிட்டோம், உன் குரலிலும் அதைக் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை. அதனால் தபாலிலேயே போடுகிறேன்.