பதினான்கு மைப்பொட்டு விவகாரம்

புதுச்சேரி,
புதன்கிழமை, லுஹர் தொழுதபின்.

அன்புத் தம்பி ஷஹாபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பாரிசுக் குளிரில் உன் முழங்கால் வலி குறைய ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை பிள்ளைச்சாவடிக் காப்பக வாசலில் இருந்தவர்கள்: துணைக்குப் போகும் நான், உன் மகள் மஹீரா, டீச்சர் செந்தமிழ்ச்செல்வி, சமையல் பார்க்கும் குஞ்சம்மாள், பிள்ளைகள் பதினான்கு, தாய்மார் ஒன்பது, மீன்கூடை ஒன்று. வீடியோ எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அதில் இருப்பது முதல் பாதி மட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நேற்று நீ, "வெள்ளிக்கிழமை அவள பிளேன்ல ஏத்தி வுடு" என்று போனில் கத்தினாய். மீதிப் பாதியைக் கேள்.

உன் மகள் பிரான்சில் பிறந்தவள், சேவை செய்ய மூன்று மாதம் வந்தவள், அவளுக்கு என்ன தெரியும், அன்று பிள்ளைகள் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டையெல்லாம் அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் பதினான்கு முகத்தையும் பளிச்சென்று துடைத்துவிட்டாள், அன்றைக்கென்று பார்த்து குட்டி கவிநிலா சறுக்குமரத்தில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள், அவ்வளவுதான், அவள் அம்மா அஞ்சலாட்சி மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "இன்னாம்மே, எம்புள்ள மூஞ்சியில இருந்தது அழுக்கா? வெறும் மூஞ்சியா வுட்டுட்டியே, கண்ணு படாம என்னா செய்யும்?" என்று பிடித்துக்கொண்டாள். உன் வீடியோ இங்கே முடிகிறது.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் மை டப்பாவோடு வாசலில் நின்றாள். ஒவ்வொரு தாயிடமும், "மன்னிச்சிக்குங்க அக்கா, எந்தக் கன்னம்?" என்று கேட்டுக் கேட்டுப் பொட்டு வைத்து எழுதிக்கொண்டாள். பிரான்சுக் காப்பகத்தில் பிள்ளைக்கு ஒரு அட்டை உண்டாமே, எது சாப்பிட்டால் ஆகாது, எத்தனை மணிக்குத் தூக்கம் என்று. அதே மாதிரி பதினான்கு அட்டை, ஒவ்வொன்றிலும் பொட்டுக்கு ஒரு வரி. வலது கன்னம், இடது கன்னம், முகவாய், ஒருத்தனுக்கு உள்ளங்கால். பிள்ளைகள் சாப்பிட்டதும் முகம் கழுவிவிடுகிறாள், அட்டையைப் பார்த்துத் திரும்பவும் வைக்கிறாள். அஞ்சலாட்சியே நேற்று, "நாந்தான் மறந்துபோய் வலது பக்கம் வச்சி அனுப்பிட்டேன், அது அழிச்சிட்டு எடது பக்கம் வச்சி அனுப்புது. பெத்தவ நானா அதுவான்னு தெரியல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காப்பகத்தில் இப்போது பிள்ளைகள் பத்தொன்பது.

அட்டை முழுக்கப் பிரெஞ்சு எழுத்து. டீச்சருக்கும் படிக்கத் தெரியாது, நாலாம் வகுப்போடு நின்ற எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிவிட்டால் சனிக்கிழமை பத்தொன்பது முகத்துக்கு யார் பொறுப்பு? மீதி இரண்டு மாதமும் இருக்கட்டும். நமக்கு இந்த மைப்பொட்டில் நம்பிக்கை இல்லை, காப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் பிறர் மனம் நோகாமல் நடக்கிற அந்தக் குணம், தம்பி, எத்தனை பேருக்கு வரும்?

உன் மனைவி இஃப்ஃபத்துக்கு என் சலாம். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.

உன் அக்கா,
கனீஸ் பாத்திமா

பி.கு.: இவ்வளவு புகழ்ந்து எழுதியதும் எனக்கே பக்கென்றது. என் கண்ணே பட்டுவிட்டால்? இங்கே காப்பகத்தில் பிள்ளைகளோடு அவளும் கண்ணயர்ந்திருந்தாள், இடது உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாதே. இருக்கட்டுமா, அனுப்பட்டுமா? இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், சீக்கிரம் பதில் போடு.