டவர் எழுதிய பூவாக்கு

கடவுளுக்கும் சிக்னல் பிரச்சினை உண்டு என்று உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்த மனிதன், மண்ணரை என்கிற பனியன் கம்பெனிப் பேட்டையில் என்னோடு ஒரே ரூமில் இருந்தான். நம்பாதவர்கள் இப்போதே அடுத்த பக்கம் போய் ராசிபலன் பார்த்துக்கொள்ளலாம்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. ஆள் நல்ல உயரம். எப்போதும் மொபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். தெருவே சேர்ந்து 'டவர்' என்று பெயர் வைத்துவிட்டது. கணியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். யுனிவர்சிட்டியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் 'சரக்கு ரெடி' என்றும், ஃபேக்டரியில் 'பையர் கொதிக்கிறான்' என்றும் மாறி மாறிப் பொய் சொல்லும் உத்தியோகம். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு ரூமுக்கு வந்தால் இவன் காத்திருப்பான்.

"ஏனுங்ணா, கோயில்ல மணி எதுக்குங்க அடிக்கறாங்க?"

"பூஜைக்குடா."

"இல்லீங்ணா. அது நோட்டிஃபிகேஷனுங்க."

காலையில் பல் தேய்க்கும்போது இன்னொன்று வரும். "நாம வேண்டிக்கறது உடனே நடக்கலீன்னா, சாமிக்குப் போய்ச் சேரலீன்னு அர்த்தமில்லீங்ணா. ரெண்டு டிக் உழுந்திருச்சுங்க. இன்னும் நீலம் ஆகல, அவ்வளவுதானுங்க."

வாயில் நுரையோடு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பான், பாவி.

ஒரு சமயம் செயற்கை நுண்ணறிவிடம் "கடவுள் இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறான். அது நம்புகிறவர்கள் பக்கம் ஒரு பக்கமும் நம்பாதவர்கள் பக்கம் ஒரு பக்கமும் எழுதித் தள்ளியிருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டு, "அப்படியே எங்க பெரியப்பன் மாதிரி பேசுதுங்ணா. பங்காளிச் சண்டையில அவரும் இப்பிடித்தான், கடேசி வரைக்கும் யாரு பக்கம்னு சொல்லவே மாட்டாருங்க" என்றான்.

ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைத் துடைத்துச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தான். வைத்த இடம் கேமரா. அடுத்த வாரம் ஆன்லைனில் வைவா. அந்தப் பக்கம் புரொஃபசர் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ரூம்ல ஏதாச்சும் தீப்பிடிச்சிருச்சா?" என்றார்.

"இல்லீங் சார். சாமி கும்பிட்டதுங்க."

புரொஃபசர் பெருமூச்சு விட்டார். "எங்கூட்லயும் அதே கதைதான். ஈரத்துணி வெச்சுத் தொடைச்சுட்டு வா."

இப்படிப்பட்டவன் சும்மா இருப்பானா? ஆப் எழுதினான்.

கொங்குப் பக்கம் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திறக்கிற நேரத்தில் தெருவே கம்பெனியில் இருக்கும். "ஷிப்ட்டுக்குப் போறவங்களுக்கு சாமி இல்லீங்களாங்ணா?" என்று உருகினான் டவர். உருகி எழுதியதுதான் 'பூவாக்கு' ஆப். மொபைலில் ரெண்டு பொட்டலம் தெரியும். கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றைத் தொட வேண்டும். அதுவே அவனுடைய எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்.

தெரு அதன் காலில் விழுந்தது. கம்பெனி மாறலாமா, வண்டி வாங்கலாமா, கொழுந்தியா கல்யாணத்துக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் பூ. சிவப்பு வந்தால் வெள்ளை வரும்வரை விடாமல் குத்தினார்கள். டவர் கொதித்துப்போனான். "சாமிகிட்ட ரீ-டேக் கேக்கறதுக்கு இதென்னங்க ரீல்ஸா?" என்று ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் என்று பூட்டுப் போட்டான். ஜனங்கள் பக்கத்து வீட்டு மொபைலை இரவல் வாங்க ஆரம்பித்தார்கள்.

கீழ் வீட்டில் எஸ்தர் அக்கா. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மெஷினில் டெய்லர். அவர் கணவர் தங்கராஜ் அண்ணாச்சி அயர்னிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது அந்த வீடுதான்.

"நாங்க பூவெல்லாம் கேக்கக் கூடாதுல்லா தம்பி. வேதக்காரங்க" என்று அக்கா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். டவருக்கு மனசு கேட்கவில்லை. புது வருஷத்துக்குச் சர்ச்சில் வேத வசனம் போட்ட வாக்குத்தத்தக் கார்டு எடுப்பார்களே, அந்த மாதிரி இரண்டு கவர் போட்டு இன்னொரு ஆப் செய்துகொடுத்தான். ஒரு கவருக்குள் 'செய்', இன்னொன்றுக்குள் 'பொறு'. அந்த வட்டாரத்தில் மத நல்லிணக்கத்துக்கு இவ்வளவு பாடுபட்ட மாணவன் வேறு எவனும் இல்லை.

வினை அந்தக் கவரில்தான் வந்தது. அவர்கள் மகள் ஜெபா பிளஸ் டூ முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அண்ணாச்சி அனுப்பவும் துணியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் செக்‌ஷனில் அவளுக்கு ஒரு வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டார். திங்கள்கிழமை அட்மிஷனுக்குக் கடைசி நாள்.

"நான் அனுப்பி, அங்க பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? என்னால தாங்க முடியாது தம்பி. ஆண்டவரே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து கவரைத் தொட்டுப் பாப்போம்" என்று முடிவாகச் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் குழம்புத் தூக்கைக் கொடுக்கிற சாக்கில் ஜெபா மேலே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அண்ணே, நாளைக்கு 'செய்'னு வர வச்சிருங்கண்ணே."

டவர் தரையைப் பார்த்தான். "அது எப்பிடிங் கண்ணு? சாமி பேர்ல நான் பொய் சொல்லக் கூடாதுல்ல."

அவள் இறங்கிப் போனாள். எனக்கு வந்ததே கோபம். "ஒரே ஒரு வரி மாத்துடா! எழுதினவன் நீதானே?"

"ரேண்டம்னா என்னங்ணா? நமக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும். அதுல நான் கை வெச்சா அப்பறம் அதுல சாமி எங்கீங்க இருக்கும்?"

"ஒரு பொண்ணு படிப்பை விட உன் கொள்கை பெருசா? போடா, நீயும் உன் ஆப்பும்!" என்று கத்திவிட்டுக் குழம்பை நான் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டேன். அவன் சாப்பிடவில்லை. லேப்டாப்பைத் திறந்தான், மூடினான், திறந்தான். கடைசியில் மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கீழே வாசலில் கூட்டம். அண்ணாச்சி சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. ஜெபா கதவோரம் நின்றாள். அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபித்து, ஒரு கவரைத் தொட்டார்.

'பொறு.'

எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபா அழவில்லை. செக்கிங் வேலைக்குப் போகப்போகிற மாதிரி அப்படியே உள்ளே திரும்பினாள்.

"இருங் கண்ணு!" என்று டவர் கத்தினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் மொபைலை எடுத்தான். "அண்ணாச்சி, என்ர போன்ல பூட்டு இல்லீங்க. எத்தன தடவ வேணா கேக்கலாம். பாருங்க. ஜெபா மூச்சு உடலாமுங்களா?"

தொட்டான். 'பொறு.'

"எஸ்தர் அக்கா பிரியாணிய எறக்கலாமுங்களா?"

'பொறு.'

"அண்ணாச்சி சோறு திங்கலாமுங்களா?"

'பொறு.'

சாமி விஷயத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான். ஆனால் அன்றைக்கு அத்தனை தடவையும் 'பொறு' வந்ததைப் பார்த்து எனக்கே புல்லரித்துவிட்டது. எதையும் மாற்றி எழுதவில்லை என்று டவர் பிற்பாடு பிள்ளையார்மேல் சத்தியம் செய்தான். தன் பெயரைச் சொல்லி நடக்கிற கடையைச் சாமியே வந்து இழுத்து மூடினார் என்றுதான் இன்றுவரைக்கும் நினைக்கிறேன்.

டவர் மொபைலைக் கீழே இறக்கினான். "இதுல சாமி இல்லீங் அண்ணாச்சி. நான் எழுதுனதுங்க. சாமி எழுதலீங்க. இருக்கும்னு நெனச்சேன். தப்புங்க."

பின்வரிசையிலிருந்து ஓவர்லாக் டெய்லர் முருகேசன் அலறினார். "அடப்பாவி! வெள்ளப் பூ வந்துச்சுன்னுதானடா நான் இவளக் கட்டிக்கவே சம்மதிச்சேன்!"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மெதுவாகத் திரும்பினார். "அதுக்கு இப்ப என்னங்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்ல ஆப்புன்னு சொல்ல வந்தேன்."

சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி டவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் இனி யார்ட்ட தம்பி கேக்க?"

"நாம எல்லாரும் மொபைல்கிட்டக் கேட்டோமுங்க. ஜெபாகிட்ட ஆராச்சும் கேட்டோமுங்களா?"

கேட்கவில்லை. அப்பா, அம்மா, இவ்வளவு வியாக்கியானம் பேசுகிற நான், ஒருத்தரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி எழுந்து மகளிடம் போனார். "நீ என்னம்மா சொல்லுத?"

"பயமாத்தான் இருக்குப்பா. ஆனா போறேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஏட்டி, சோத்தைப் போடு. காலைல வெள்ளன பஸ் ஏறணும்" என்றார். அன்றைக்குப் பிரியாணியில் உப்பு கூடிப்போயிருந்தது. அக்கா அழுதுகொண்டே இறக்கியது காரணமாக இருக்கலாம். டவர் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றான்.

பூவாக்கு ப்ராஜெக்ட்டை அவனே கைவிட்டான். தெருவில் பாதிப் பேர் அவனோடு பேச்சை விட்டார்கள். இன்னொரு ப்ராஜெக்ட் செய்து எப்படியோ பாஸானான். இப்போது வெளியூரில் வேலை. ஜெபா கோயம்புத்தூரிலேயே நர்ஸாக இருக்கிறாள்.

ஆனால் பூவாக்கு ஆப்பை அவன் அழிக்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு மாற்றம் செய்தான். இப்போது எந்தப் பொட்டலத்தைத் தொட்டாலும் பூ வராது. அவன் குரல் வரும். "உங்களுக்கே தெரியுமுங்க. போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு யோசிங்க."

நான் இதுவரை எத்தனையோ மொபைல் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வேலையாக அந்த ஆப்பை ஏற்றிவிடுவேன். எனக்குக் கேட்பதற்குக் கேள்வி ஒன்றும் இருப்பதில்லை. ரூமில் தனியாகப் பல் தேய்க்கும்போது சும்மா ஒரு பொட்டலத்தைத் தொடுவேன், அவன் பேசட்டும் என்று.