மாமியாருக்கு ஒதுக்கிய எலும்பு

காலை ஒன்பது மணிக்கு எலும்பு வங்கிக்குள் நுழைந்த மாப்பிள்ளையை, உறைபெட்டி கீச்சுக் குரலில் கத்தி வரவேற்றது. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டிய முள் மைனஸ் அறுபத்திரண்டில் நின்றது.

பத்து வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு வங்கியைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு 'மாப்பிள்ளை' என்ற இந்தப் பெயர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. இடுப்பு ஆபரேஷனுக்காக மூன்றாவது மாடியில் சேர்ந்திருந்த மாமியார், பார்த்த நர்ஸிடமெல்லாம் "எனக்கு எலும்பு எடுத்து வச்சிருக்கறதே எங்க மாப்பிள்ளைதான்" என்று சொன்னதன் பலன்.

பதினொரு மணிக்கு ஆபரேஷன். யாரோ ஒரு புண்ணியவான் தானம் கொடுத்த தொடை எலும்பு. உறைந்த நிலையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஈரம் நீக்கிக் காய வைத்த எலும்புகள் அலமாரியில் பொடி டப்பா மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் குளிரும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். ஆனால் மாமியாரைத் தாங்கும் உறுதி அவற்றுக்குப் போதாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உறைந்ததோ, தியேட்டருக்குப் போகும் முன்பே மைனஸ் நாற்பதைத் தாண்டிச் சூடாகிவிட்டால் குப்பைக்குத்தான்.

பதறிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தார். எலும்புப் பெட்டி அதன் தட்டில் பத்திரமாக இருந்தது. கனத்த சுவருள்ள அந்தப் பெட்டியை ஆபரேஷன் தியேட்டரைத் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது என்பது விதி. அவர் பார்த்து முடித்தபோது முள் ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தது.

பிளக்கில்தான் கோளாறு என்று முடிவு செய்து, அதைப் பிடுங்கிப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினார். பட்டென்று ஒரு சத்தம். விளக்கு, மின்விசிறி, உறைபெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. எலக்ட்ரீஷியன் அரை மணியில் வருவதாகச் சொன்னார். அவருடைய அரை மணி எவ்வளவு நீளம் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

மேலே இருந்து மனைவி போன் செய்தாள். "ஏங்க, எல்லாம் சரியா இருக்கான்னு அம்மா கேக்கறாங்க."

"ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லு" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அடுத்து, ஐஸ்கிரீம் வண்டி வைத்திருக்கும் மைத்துனனைக் கூப்பிட்டார். புகை விடுமே, அந்த உலர் ஐஸ் உடனே வேண்டும் என்றார். இருபது நிமிடத்தில் மைத்துனன் இரண்டு மூட்டையோடு வந்து நின்றான். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியனோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில், உறைபெட்டியை அகலத் திறந்து வைத்து இரண்டு மூட்டையையும் நிதானமாக உள்ளே அடுக்கினான்.

"புகையே வரலையேடா?"

"அது தீர்ந்துபோச்சு அத்தான். இதுவும் ஐஸ்தானே?"

மைனஸ் ஐம்பதில் இருக்கும் எலும்புக்குச் சாதாரண ஐஸ் என்பது வெந்நீர் ஒத்தடம். முள் முப்பத்தொன்றைத் தாண்டியிருந்தது.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எலும்புப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் மாமியார் படுத்திருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. எலும்பைக் கெடுத்துட்டேன். இன்னிக்கு ஆபரேஷன் நடக்காது."

மாமியார் எட்டு மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்தவர். கண்ணை மூடிக்கொண்டார். மனைவி இவரைப் பார்க்கவே இல்லை.

பிறகு மாமியார் மெதுவாகச் சொன்னார்: "மறைக்காம வந்து சொன்னீங்களே மாப்பிள்ளை. இன்னும் கொஞ்ச நாள் சுவரைப் பிடிச்சுக்கறேன். கலங்காதீங்க."

அப்போது தியேட்டர் நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"எந்த எலும்பு சார்? அதை நான் காலைல எட்டு மணிக்கே எடுத்துட்டு வந்துட்டேன், இங்க உப்புத் தண்ணியில இளகிட்டு இருக்கு. நீங்க கட்டிப்பிடிச்சிருக்கறது காலிப் பெட்டி. அதைத் திருப்பி வச்சப்போ நான்தான் உறைபெட்டிக் கதவைச் சரியா சாத்தாம வந்துட்டேன் போல."