கருமாதியன்று மரத்துப்போன வாய்

பெருந்துறையில் இருக்கும் தங்கச்சி மயிலாத்தாளுக்கு, அன்னூரிலிருந்து அக்கா பொன்னாத்தாள் எழுதிக்கொள்வது. உன் கால் மாவுக்கட்டு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையையும் உன் மகள் பிரீத்திகாவையும் கேட்டதாகச் சொல். நான் சுகம் என்று எழுத மனசில்லை. கடவாய்ப்பல் மட்டும் சுகம், அது இப்போது வாயில் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நாக்கு புரளவில்லை, அதனால்தான் கடுதாசி.

உங்க மாமா என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடின நாளிலிருந்தே அந்தப் பல் குத்தல்தான். இன்றைக்குக் கருமாதி, பார்த்தால் விடியும்போதே கன்னம் பணியாரமாக வீங்கிக் கிடக்கிறது. மகன் பிரவின்குமார் வண்டியில் வைத்துப் பல் டாக்டர் மிஸ்பாவிடம் கொண்டுபோனான். அந்த டாக்டர் தங்கமான பிள்ளை. ஈறில் ஒரு ஊசி போட்டது, மரக்கவே இல்லை. "சீழ் கட்டின இடத்துல மருந்து சரியா வேலை செய்யாதும்மா, நரம்பு வர்ற இடத்துலயே போட்டர்றேன்" என்று தாடைக்குள்ளே கோடியில் இன்னொன்று போட்டது. மருந்து சீக்கிரம் கலையாமல் நிற்க வேறொன்றும் கலந்திருக்கிறதாம், நெஞ்சு கொஞ்சம் படபடக்குமாம். உங்க மாமா பெண் பார்க்க வந்தன்றைக்குக்கூட அப்படி அடிக்கவில்லை மயிலா. பல் வந்ததே தெரியவில்லை. "சாயங்காலம் வரைக்கும் உதடு மரத்திருக்கும், கடிச்சுக்காதீங்க, சூடா குடிக்காதீங்க" என்று பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பியது.

வந்தால் பந்தல் நிறைய சனம். கட்டிப்பிடித்து அழ வருகிறவர்களுக்கு வீட்டுக்காரிதானே முதலில் குரலெடுக்க வேண்டும்? வாயைத் திறக்கிறேன், எச்சில்தான் வருகிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உதடு ஒரு பக்கமாக இழுத்து நிற்கிறது. "ஏனுங்க, திருமலைசாமி பொண்டாட்டி சிரிக்கறாளுங்க" என்று ஒருத்தி சொல்லியேபோட்டாள்.

அப்போதுதான் புகுந்தாள் என் ஓரகத்தி, உங்க மாமாவின் தம்பி பொண்டாட்டி குழந்தையம்மாள். "மாமா, களிக்கு எங்கையால கீரக் கடைசல் கேப்பீங்களே, இனி ஆரு கேப்பா" என்று ஒரே அலறல். காலமெல்லாம் ஆக்கிப்போட்டவள் நான், கடைசலில் பேர் அவளுக்கு! வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்கள். நம்ம சித்திகூட அவளுக்குத்தான் சோடா உடைத்துக் கொடுத்தாள். செத்தது ஆர் புருசன், சொல்லு. இனி அவளோடு எனக்குப் பேச்சில்லை. பிரீத்திகா கல்யாணத்துக்கு அவளை அழைத்தால் நான் வரமாட்டேன், சொல்லிப்போட்டேன்.

காலை ஊன்றாதே. அத்தனூரம்மன் உங்களையெல்லாம் காத்துக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
பொன்னாத்தாள்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் மரப்பு விட்டுவிட்டது. பல் வலியும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சனமெல்லாம் போய்விட்டது. குண்டா கழுவிக்கொண்டிருந்த குழந்தையம்மாள்தான் ஈரக்கையோடு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "இப்ப அழுவுங்கக்கா, வாய் வந்துருச்சு" என்றாள். அவரைப் பற்றி நான் மறந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடைசலும் "நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்கக்கா" என்றாள். முதல் பத்திரிகை அவளுக்கு வை, இரண்டு பேரும் சேர்ந்தே வாரோம். ஆனால் இனி எந்த எழவிலும் என்னைவிடச் சத்தமாக அழக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.