ஃபேனுக்குக் கீழே ஒரு மறுமலர்ச்சி

எந்த ஊரிலும் இரண்டு கடைகள் சேர்ந்தாற்போல் மூடிக் கிடந்தால், மூன்றாவதாக ஓர் ஆசாமி முளைப்பார். கடைவீதியைக் கைதூக்கி விடுகிறவர் என்று அவரை அழைக்கலாம். பூட்டிய கதவைக் கண்டால் அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது. நிற்பார், இரண்டடி பின்வாங்குவார், இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்ப்பார், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், பிறகு பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, யாரும் இல்லையென்றால் அங்கே படுத்திருக்கும் மாட்டிடமாவது சொல்லிவிடுவார்: "அருமையான கார்னர் சார் இது! இங்க மட்டும் ஒருத்தன் கடை வைச்சான்னா, பிச்சிக்கிட்டுப் போகும்!"

அந்த ஒருத்தன் யார்? அவர் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

எங்கள் மேற்குத் தாம்பரத்துக்கு வாய்த்தவர் ஞானையா. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய அந்த வருஷம், ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்குத் திரும்பும் முனையில் வரிசையாகக் கதவுகள் சாத்திக் கிடந்தன. பாத்திரக்கடை போயிற்று. சோடா கம்பெனி போயிற்று. காரணம் ஊருக்கே தெரியும். சட்டைப் பையில் சீசன் டிக்கெட் இருக்கிறவன் உள்ளூரில் எதற்கு வாங்குகிறான்? மாம்பலத்தில் இறங்கிக் கத்தரிக்காய் முதல் கல்யாணப் புடவை வரை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிவிட்டால், போய் வந்த செலவே இல்லை என்று ஒரு திருப்தி. ஞானையாவும் உத்தியோக காலம் முழுவதும் அப்படி வாங்கியவர்தான். ரிடையரானார், சீசன் டிக்கெட் போயிற்று, ஊர்ப்பற்று வந்தது.

வந்த கையோடு 'கடைவீதி மறுமலர்ச்சிக் கமிட்டி' பிறந்தது. ஞானையா காரியதரிசி. தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற ராஜாராமன் தலைவர். மற்றவர்களும் ஏறக்குறைய அதே வயது, அதே ஓய்வு. கமிட்டியின் முதல் சாதனை ஒரு கல் பெஞ்சு. மூடிய கடைகளுக்கு எதிரே இருந்த பொட்டல் வெளியில், கடைக்கு வரும் ஜனங்கள் இளைப்பாறுவதற்காக, கமிட்டிக்காரர்கள் அத்தனை பேருடைய பெயரையும் பொறித்துப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. வெயிலில் அந்தக் கல்லில் அப்பளம் சுட்டுவிடலாம். அந்தி சாய்ந்த பிறகு ஆடுகள் மட்டும் ஏறிப் படுத்தன.

இரண்டாவது சாதனை அத்தாவுல்லா. சைதாப்பேட்டையில் ஒரு பெரிய தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். குடியிருப்பு தாம்பரத்தில். ரயிலடியில் அவரைப் பிடித்துக்கொண்ட ஞானையா ஒரு மாதம் விடவில்லை.

"பாய், அடுத்தவன் கடையில எதுக்கு நீங்க கத்திரி புடிக்கணும்? நம்ம சோடா கம்பெனி கட்டடம் காலியா இருக்கு. கிறிஸ்துமஸ் வந்தா எங்க ஜனம் வீட்டுக்கு வீடு புதுத்துணி தைக்கும். ராத்திரி பகலா தைச்சாலும் உங்களால முடிக்க முடியாது!"

"நம்ம ஊர் ஜனம் வருமா சார்?"

"நான் இருக்கேன், பாய்!"

இருந்தார். அதுதான் பின்னால் நேர்ந்த சங்கடம். அத்தாவுல்லா நல்ல வேலையை விட்டார். 'ஹஃபீசா டைலரிங்: பெண்கள், குழந்தைகள் உடைகள்' என்று மனைவி பேரில் போர்டு மாட்டினார். பெண்களுக்கு அளவெடுப்பது ஹஃபீசாவின் வேலை. உள்ளே ஒரு திரை. திரைக்குப் பின்னாலிருந்து அவள் அளவை உரக்கச் சொல்ல, வெளியே மிஷினருகில் இருந்து இவர் எழுதிக்கொள்வார். காத்திருக்கும் பெண்களுக்காக நாலு நாற்காலி, ஒரு பெஞ்சு, தலைக்கு மேலே ஒரு ஃபேன். குடும்பம் பிழைப்பதும் பிழைக்காததும் முதல் கிறிஸ்துமஸில் தெரிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், கைதட்டினார்கள். மறுநாள் சாயங்காலம், எப்படி நடக்கிறது என்று பார்த்துப் போக ஞானையா வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். ராஜாராமன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல் பெஞ்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் உடம்புக்குப் புரிந்தது. அதற்கு மறுநாள் முதல் கமிட்டி முழுவதும் அங்கேதான் கூடியது.

என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? கடைகளுக்கு ஜனங்கள் ஏன் வருவதில்லை என்பதைத்தான் பேசினார்கள். திருநீர்மலை உற்சவக் கூட்டத்தை எப்படியாவது இந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும், கேளம்பாக்கம் பஸ் இந்த முனையில் நின்று போக வேண்டும், வாசலில் ஒரு நீரூற்று வைக்க வேண்டும், நீரூற்றுக்குத் தண்ணீர் வர வேண்டும், தண்ணீருக்கு ஒரு மனுப் போட வேண்டும் என்று, ஒருவர் காலை நீட்டிக்கொண்டும், ஒருவர் பேப்பரை விரித்துக்கொண்டும், ஒருவர் பனியனுக்குள் கைவிட்டுச் சொறிந்துகொண்டும் விளக்கு வைக்கும்வரை பேசினார்கள்.

துணிப் பொட்டலத்தோடு பெண்கள் வரத்தான் செய்தார்கள். வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள், வரிசையாக வீற்றிருக்கும் பெரிய மனிதர்களைக் கண்டார்கள், வேறெங்கோ போகக் கிளம்பியவர்கள் போலப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அத்தாவுல்லா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால், "டீ சொல்லட்டுங்களா சார்?" என்பதுதான் வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஹஃபீசா கிசுகிசுத்தாள். "இன்னாங்க, இவங்கல்லாம் எப்போ போவாங்க?"

"சும்மா இரு. நம்மள இங்க இட்டாந்தவரே அவருதான்."

"இட்டாந்தவரு இட்டாந்துட்டுப் போவக் கூடாதா? பெரிய பேஜாரா கீதே!"

டிசம்பர் நடுவில் ஒரு நாள் ஞானையா வீட்டுக்குப் போனபோது, மேஜைமேல் மாம்பலத்துத் தையல்கடைப் பை ஒன்று இருந்தது. அவருடைய மனைவி மெட்டில்டாவின் ரவிக்கைகள், மகள் சரோஜினியின் கிறிஸ்துமஸ் கவுன்.

"மெட்டில்டா! நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், என் வீட்டுலயே மாம்பலமா?"

"பாய் கடைக்குத்தான் முதல்ல போனேன். ஒரு நாள் இல்ல, மூணு நாள் போனேன். நீங்களும் ராஜாராமன் சாரும் ஃபேனுக்குக் கீழ கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருந்தீங்க. அந்தம்மா உள்ள இருந்து அளவைச் சத்தமாச் சொல்லும். உங்க கமிட்டி முழுக்கக் கேட்டுக்கிட்டிருக்க, நான் என் இடுப்பளவைக் குடுக்கணுமா?"

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சொல்லிப் புரியவைக்க முடியும்? ஆனால் நம்முடைய ஆசாமி லேசுப்பட்டவர் அல்ல. மறுநாளே விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். பெண்கள் வருவதில்லை என்பது மிகவும் கவலைக்குரியது என்று ஃபேனுக்குக் கீழே தீர்மானம் நிறைவேறியது. காரணத்தை நேரில் கண்டறிய ஓர் உப கமிட்டியும் அமைத்தார்கள். உப கமிட்டி காலை வேளைகளிலும் கடையில் உட்கார்ந்து கவனிக்கும்.

கவனித்தது. கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. பொங்கலுக்கு முன்பு அத்தாவுல்லா போர்டைக் கழற்றினார். சைதாப்பேட்டையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. போர்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் போனதை நானே பார்த்தேன். கமிட்டி பூட்டிய கதவின் முன் கூடி வருத்தம் தெரிவித்தது. ஜனங்களுக்கு ஊர்ப்பற்று போதாது என்றார் ராஜாராமன்.

மாசி பிறப்பதற்குள் ஒரு செய்தி பரவிற்று. ஸ்டேஷனுக்குப் பின்புறச் சந்தில், அத்தாவுல்லாவின் வீட்டு முன்னறையில் மிஷின் ஓடுகிறது. போர்டு இல்லை, ரிப்பன் இல்லை. வாசலில் பெண்களின் செருப்பு கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. ஈஸ்டர் துணிக்கு மெட்டில்டாவே அங்கே போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள்.

கமிட்டி சும்மா இருக்குமா? திரண்டு கிளம்பியது. ஹஃபீசா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா!" என்றார் ஞானையா. "சந்து முனையில ஒரு வளைவு கட்டி, உங்க பேரைப் போட்டு... உள்ள உட்கார்ந்து விவரமாப் பேசுவோமே?"

"வாங்க சார். நின்னுக்கினு பேசுறதுன்னா பேசுங்க. எங்க வூட்ல நாற்காலி இல்ல."

"கடையில நாலு இருந்துச்சேம்மா?"

"இருந்துச்சு சார். வித்துட்டேன். பெஞ்சையும் வித்துட்டேன்."

கமிட்டி கொஞ்ச நேரம் ஒரு காலிலும், கொஞ்ச நேரம் மறு காலிலும் நின்று பார்த்தது. நின்றுகொண்டே மறுமலர்ச்சி செய்து பழக்கமில்லை. மெள்ளத் திரும்பிற்று. போகும் வழியில் பழைய சோடா கம்பெனி. ஞானையா நின்றார், இரண்டடி பின்வாங்கினார், பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"அருமையான கார்னர், சார்..."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை இப்போது எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? சொந்த வீடு என்றால் நல்லது. தெரிந்தவர் கடை, நல்ல காற்று, முதலாளி வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் டீ வேண்டுமா என்று விசாரிக்கிறார் என்றால், வாசல் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பொட்டலத்தோடு ஓர் அம்மாள் நிற்கிறாரா? நிற்கமாட்டார். உங்களைப் பார்த்ததுமே ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்.