கட்டுச்சோற்றோடு எல்லை தாண்டிய சர்வதேசம்

கோயமுத்தூர் ஜில்லாவில் வெள்ளைக்காரனுக்கு அடுத்தபடியாக அதிக எல்லைக்கோடுகளைப் போட்ட மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் 'சர்வதேசம்' என்பேன். வெள்ளைக்காரன் மையில் போட்டான், இவர் சாக்பீஸில் போட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். கோயமுத்தூர்க் கணபதியில் நாங்கள் குடியிருந்த ஐந்து வீட்டு வளவில் அது யாருக்கும் தெரியாது. காலையில் பேப்பரைப் பிரித்தால் உள்ளூர்ச் செய்தியைத் தொடமாட்டார். சூயஸ் கால்வாயில் இறங்கினால் ஒன்பது மணி மில் சங்குக்குத்தான் கரையேறுவார். ஒருமுறை அடுத்த தெருவில் பஞ்சுக் குடோன் தீப்பிடித்து ஊரே ஓடியபோது, "பெர்லின்ல நெலம சரியில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே எதிர்த்திசையில் நடந்து போனார். அன்றிலிருந்து சர்வதேசம்.

அவரும் நானும் ஒரே நூல் மில்லில் வேலை. நான் கணக்கு ஆபீஸில், அவர் ஸ்டோர்ஸ் கீப்பர். ஸ்டோர்ஸ் வாசலில் தினமும் காலையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுவார். அதை யாரும் தாண்டக்கூடாது. ஒருநாள் மானேஜர் அவசரத்தில் காலை உள்ளே வைத்துவிட்டார்.

"சித்த நில்லுங்க. அக்கட்டாலயே நில்லுங்க."

"யோவ், நான் மானேஜர்யா!"

"தெரியாதுங்களா? அந்த மருவாதி எப்பவும் உண்டுங்க. ஆனா மருவாதிங்கறது தேசமுங்க, பேரிங்கு எடுத்துக் குடுக்கறது அரசுங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பக் கூடாதுங்க."

மானேஜர் குழம்பித்தான் போனார். என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்து திரும்பிவிட்டார். பாவம், அந்த மெஷின் அரைநாள் சும்மா கிடந்தது.

தேசம், அரசு, தேச அரசு. இந்த மூன்றும் வேறு வேறு என்பதை ஊருக்குப் புரியவைக்கத்தான் கடவுள் தன்னைப் படைத்தார் என்று சர்வதேசம் உறுதியாக நம்பினார். டீக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

"ஏனுங்க, நம்ம சொந்தபந்தம், ஒறம்பரை சனமெல்லாம் நாலு ஊருல செதறிக் கெடந்தாலும் நாமெல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறோமில்லீங்களா? அந்த நெனப்புத்தான் தேசமுங்க. அதுக்கு வேலி இல்லீங்க. அரசுன்னா வேலிங்க. போலீசு, வரி, கேட்டு, கேட்டுக்கொரு சாவி. வேலிக்குள்ள இருக்கறவன் ஒறம்பரையா இருக்கோணும்னு அவசியமில்லீங்க."

"அப்ப அந்த மூணாவது?"

"ஒறம்பரை அத்தன பேரும் ஒரே வேலிக்குள்ள இருந்து, சாவியும் அவுங்க கையில இருந்தா அது தேச அரசுங்க. ஆனா கல்யாண ஊட்டுல மட்டுந்தான் அப்பிடி அமையுமுங்க. அதுவும் பந்தி போடற வரைக்குந்தான்."

கேட்டவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஓடுவார். சர்வதேசம் அடுத்த ஆளைப் பார்த்து நாற்காலியைத் திருப்புவார். எழவு வீட்டுக்குப் போய், பாடையைத் தூக்குகிற நேரத்தில் செத்துப்போனவர் எந்த அரசின் பிரஜை என்று விளக்க ஆரம்பித்து, நாலு பேர் அவரைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்ட கதையும் உண்டு.

வளவுக்குள்ளும் இந்த ராஜ்யபாரம் நடந்தது. எங்கள் வளவில் ஒரே ஒரு குழாய். தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு, ஒற்றப்பாலத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பம், பிரம்மச்சாரி நான், அப்புறம் சர்வதேசம். குழாயடியில் தினமும் குடம் மோதும். அவர் குழாயைச் சுற்றி வீட்டுக்கொரு கோடாகப் போட்டு, குழாய் அரசு என்றும் தண்ணீர் தேசம் என்றும் அறிவித்தார். எதிர் வீட்டு ரங்கநாயகியம்மா ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். எல்லாக் கோடும் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது.

இந்த ரங்கநாயகியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வதேசத்தின் மனைவி, மகள் மரகதம் நடை பழகுகிற வயதிலேயே காலமாகிவிட்டார். மரகதத்துக்குத் தலைவாரிப் பின்னி, சோறு ஊட்டி, தெலுங்கில் திட்டி வளர்த்தது இந்த அம்மாதான். சர்வதேசம் உலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய உலகத்தை இந்த அம்மா கவனித்துக்கொண்டார்.

மரகதத்தைப் பாலக்காட்டுக்கு இந்தப்புறம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது கோயமுத்தூரும் பாலக்காடும் ஒரே சென்னை ராஜ்யம். அடுத்த வருஷம், ஐம்பத்தாறில், மொழிவாரியாகப் பிரித்தார்கள். பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. செய்தி வந்த அன்று சர்வதேசம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணுக் குடுக்கறப்ப ஒரே வேலிங்க தம்பி" என்றார் பிறகு. "இப்ப நடுவுல ஒண்ணு போட்டுப்போட்டாங்க."

கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று நேரில் பார்க்கக் குடையை எடுத்துக்கொண்டு மதுக்கரை தாண்டிப் போனார். கோடு எதுவும் இல்லை. ஓர் எருமை மட்டும் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்ததாம். தலை அந்த ராஜ்யத்தில், மடி இந்த ராஜ்யத்தில். புல் அவர்களது, பால் நம்முடையது என்றால் இதற்கு உடன்படிக்கை என்ன என்று மில்லில் ஒரு வாரம் எல்லோரையும் கேட்டு உயிரை வாங்கினார். சம்பந்தி வீட்டுக்குப் போனால் 'அயல் ராஜ்யத்தார்' என்றே விளித்தார். சம்பந்தி பொறுமைசாலி, ஆனாலும் மனிதர். "நான் அதே காட்டுல அதே ஏருதானுங்க ஓட்டறேன்! நீங்க வாரப்ப மட்டும் எப்படீங்க அயலாப் போறேன்?" என்று ஒருநாள் சத்தம் போட்டுவிட்டார்.

இத்தனை பேச்சுக்கும் அடியில் அவரை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. மரகதத்துக்குக் குழந்தை இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் சர்வதேசம் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். பேப்பர் தலைகீழாக இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. சர்வதேசம் வளவில் எல்லார் வீட்டுக்கும் ஜிலேபி கொடுத்தார். குழாய்க்கும் ஒன்று வைத்தார்!

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெறப்போகிற பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதற்குக் 'கட்டுச்சோறு' கொண்டுபோக வேண்டும். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று பலவகையாகத் தாய்வீட்டில் சமைத்து, போசிப் பாத்திரங்களில் கட்டி எடுத்துப் போய், பெண்ணுக்கும் அந்த வீட்டாருக்கும் பரிமாறினால்தான் பெண்ணை அனுப்புவார்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் பொருந்தி வந்தது. அதிலும் உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பிரசவம் அங்கேதான் என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மரகதம் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "ரங்கம்மா பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம். எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

வளவே விடிவதற்கு முன் எழுந்து சமைத்தது. தெலுங்கு வீட்டில் புளிச்சோறு, கன்னட வீட்டில் எலுமிச்சைச் சோறு, மலையாள வீட்டில் தேங்காய்ச் சோறு. போசிகளின் வாயைத் துணியால் கட்டி, ரங்கநாயகியம்மா, சர்வதேசம், தூக்குவதற்கு நான் என்று மூன்று பேர் பாலக்காட்டு பஸ்ஸில் ஏறினோம்.

அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். நம் ராஜ்யத்து அரிசி எல்லை தாண்டக்கூடாது என்று உத்தரவு. எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டினார்.

"அரிசி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றது பஸ், ஒரே குரலில். போலீஸ்காரர் இறங்கப் போனார்.

"இருக்குதுங்க" என்று எழுந்து நின்றார் சர்வதேசம்.

போலீஸ்காரர் வந்து ஒரு போசியைத் திறந்து பார்த்தார். புளிச்சோற்று வாசனை பஸ் முழுக்கப் பரவியது. "இது சோறுங்களே!"

"சோறுங்கறது என்னங்க? வெந்த அரிசி. உத்தரவுல வேகாத அரிசின்னு தனியாப் போட்டிருக்குதுங்களா?"

"அப்பிடியொண்ணும் போடலீங்க..."

"அப்ப நீங்க விசாரிக்காம உடலாமுங்களா?"

ரங்கநாயகியம்மா தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரர் சர்வதேசத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே, நீங்க சும்மா உக்காந்திருந்தா நான் பாட்டுக்கு எறங்கிப் போயிருப்பேனுங்க. இப்ப பஸ்ஸே கேட்டுப்போட்டுது. இனி இன்ஸ்பெக்டரு வந்துதானுங்க சொல்லோணும்."

இன்ஸ்பெக்டர் மதுக்கரைக்குப் போயிருந்தார். கண்டக்டர் போசிகளோடு எங்களை இறக்கிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போயிற்று. வெயில் ஏறியது. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய குடையைப் பிடுங்கி முறித்திருப்பேன்.

"எதுக்கு சார் வாயைத் திறந்தீங்க?"

"அரச ஏமாத்தி ஒரு நல்ல காரியம் பண்ணலாமுங்களா தம்பி?" என்றார். குரலில் சுருதி இல்லை. சாவடிக்குப் பக்கத்திலிருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்தார். சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

போலீஸ்காரருக்கே பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து, "யாருக்குங்க இந்தக் கட்டுச்சோறு?" என்று கேட்டார்.

சர்வதேசம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதாவதுங்க, தேசம்ங்கறது..." என்று ஆரம்பித்தார். நின்றார். மறுபடியும், "தேசம்ங்கறது..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எம்பொண்ணுக்குங்க" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "தாயில்லாத புள்ளைங்க. ஒம்பது வருசம் கழிச்சு இப்பத்தானுங்க. இன்னிக்கு நான் போய்ச் சேரலீன்னா அவ அப்பன் வருவான் வருவான்னு வாசலையே பாத்துட்டிருப்பாளுங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். மதுக்கரையிலிருந்து சிமெண்டு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, தானே போசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மூட்டைகளின்மேல் வைத்தார். "போன மாசந்தானுங்க எந்தங்கச்சிக்குக் கொண்டு போனோம். ஏறுங்க, வெரசா ஏறுங்க."

லாரியில் ஏறிய சர்வதேசம் குனிந்து கேட்டார்: "இன்ஸ்பெக்டரு வந்து கேட்டா நீங்க என்னங்க பதில்..."

ரங்கநாயகியம்மா மடியிலிருந்து ஒரு முழு முறுக்கை எடுத்து அவர் வாயில் திணித்தார். லாரி நகர்ந்தது.

போய் இறங்கியபோது நாங்கள் மூவரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூத்திருந்தோம். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. வாசலில் நின்ற சம்பந்தி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, இத்தன சிமெண்டும் அந்த வேலி கட்டறதுக்குங்களா?" என்றார். வீடே சிரித்தது. மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவர் கண்ணிலிருந்து வடிந்து, அந்தச் சிமெண்டு இறுகிவிடும்போல இருந்தது. ரங்கநாயகியம்மா முதல் உருண்டையை ஊட்டினார். சம்பந்தியம்மா மூன்றுதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அந்த மலையாள வீட்டுத் தேங்காய்ச் சோற்றைத்தான்.

பொழுது சாய்வதற்குள் மரகதத்தை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சர்வதேசம், பின்சீட்டில் நானும் ரங்கநாயகியம்மாவும். சாவடியில் பஸ் நின்றது. அதே போலீஸ்காரர். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க பெரியவரே, இந்தத் தடவ ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரங்கநாயகியம்மா மடியில் மிச்சமிருந்த முறுக்கைத் தேடினார்.

சர்வதேசம் எழுந்திருக்கவில்லை. தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்த மகள் விழித்துக்கொள்வாளே என்று, உதடு மட்டும் அசையச் சொன்னார்:

"ஒண்ணுமில்லீங்க. எம்பொண்ண ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க."

அவரோடு பழகிய அத்தனை வருஷத்தில் அவர் பேசிக் கேட்டதிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான். அதைக் கேட்டதற்கப்புறம், அவர் எத்தனை மணி நேரம் பேசினாலும் நான் டீக்கடையை விட்டு எழுந்து போனதில்லை.